மாத்திரைக்கு முன் நெகட்டிவ், மாத்திரைக்குப் பின் பாசிட்டிவ்

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். ஜூன் மாதம் என் கணவருடைய தொடையில், முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே, வட்டமாக ஒரு தடிப்பு வந்தது. படர்தாமரை என்று நினைத்து ஊரிலிருந்து கொண்டுவந்த களிம்பைத் தடவினோம். ஒரு வாரத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பெரிதாகிவிட்டது. டாக்டர் பார்த்த உடனே, உண்ணி கடித்து வரும் ‘லைம்’ நோய் என்றார். ரத்தம் எடுத்தார், ஆனால் முடிவு வருவதற்குள்ளேயே 10 நாளைக்கு டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார். முடிவு நெகட்டிவ். தடிப்பு மறைந்தது, அசதி மட்டும் போகவில்லை. 6 வாரம் கழித்து வேறொரு கிளினிக்கில் ரத்தம் கொடுத்தால் பாசிட்டிவ் என்கிறார்கள்! மாத்திரை சாப்பிட்ட பிறகு நோய் எப்படி வரும்? முகநூலில் ஒரு குழுவில் கேட்டேன். மாத்திரையைக் கண்டதும் கிருமி கூடு கட்டி ஒளிந்துகொள்ளும், ஒரு வருடமாவது நரம்பில் ஊசி போட வேண்டும், ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும் தனியார் பரிசோதனைதான் சரி என்கிறார்கள். ராணுவ ஆய்வகத்திலிருந்து தப்பிய கிருமி என்று ஒருவர் வீடியோ அனுப்பினார். ஊரில் மாமியார், ‘உண்ணிக் காய்ச்சல்தானே, இங்கே நாலு நாளில் சரியாகிறது’ என்கிறார். எதை நம்புவது? பின்புறத் தோட்டத்தை மூடிவிடலாமா என்றும் யோசிக்கிறேன்.

பதில்: உங்களைப் பயமுறுத்திய அந்த இரண்டாவது ரிப்போர்ட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன். 20 வருடமாக நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் இருக்கிறேன். இந்த மாதிரி ரிப்போர்ட்டுகளில் கையெழுத்துப் போடுவதுதான் என் வேலை. அதில் எழுதியிருப்பதை விட எழுதாமல் விட்டதால்தான் குழப்பம் வருகிறது என்று எனக்குத் தெரியும்.

லைமுக்குச் செய்யும் வழக்கமான ரத்தப் பரிசோதனை கிருமியைத் தேடுவதே இல்லை. கிருமிக்கு எதிராக நம் உடம்பு தயாரித்த எதிர்ப்புரதங்களைத் தேடுகிறது. வீட்டில் திருட்டு நடந்ததா என்று தெரிந்துகொள்ள, போலீஸ் ஸ்டேஷனில் புகார் பதிவாகியிருக்கிறதா என்று பார்ப்பது போல. திருட்டு நடந்த அன்றே போய்ப் பார்த்தால் புகார் இருக்காது. திருடனைப் பிடித்து உள்ளே போட்டு பத்து வருடம் ஆனாலும் அந்தப் பழைய புகார் ஏட்டில் இருந்துகொண்டேதான் இருக்கும். தடிப்பு வந்த முதல் ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தம் எடுத்தால் பாதிக்கும் குறைவானவர்களுக்குத்தான் பாசிட்டிவ் வரும். 4 முதல் 6 வாரம் ஆனால் எண்ணிக்கை நன்றாக ஏறும். அப்புறம் குணமான பிறகும் வருடக்கணக்கில் பாசிட்டிவாகவே இருப்பவர்கள் நிறையப் பேர். சீக்கிரமே மாத்திரை எடுத்ததால் கடைசிவரை பாசிட்டிவ் ஆகாமலே போகிறவர்களும் உண்டு.

ஆக, உங்கள் கணவருடைய இரண்டு முடிவுகளும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. ஜூனில் உடம்பு இன்னும் புகார் கொடுக்கவில்லை. ஆகஸ்டில் கொடுத்திருந்தது. நடுவில் சாப்பிட்ட மாத்திரை வேலை செய்ததா இல்லையா என்பதை அந்த இரண்டாவது காகிதம் சொல்லாது. ‘குணமாகிவிட்டதா’ என்று பார்க்க இந்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்யக் கூடாது என்பது அதனால்தான். செய்து கொடுத்த கிளினிக் இதைச் சொல்லாமல் ‘பாசிட்டிவ்’ என்று மட்டும் அச்சடித்துக் கையில் கொடுத்தது தவறு.

முதல் டாக்டர் செய்தது சரி. நியூ ஜெர்சியில், ஜூன் மாதத்தில், நாளுக்கு நாள் விரியும் அப்படி ஒரு தடிப்பைப் பார்த்தால் ரத்த முடிவுக்குக் காத்திருக்கவே தேவையில்லை. அந்தத் தடிப்புதான் அங்கே பரிசோதனை. அமெரிக்க வழிகாட்டுதல்களும் அதைத்தான் சொல்கின்றன. டாக்ஸிசைக்ளின் என்றால் 10 நாள், அமாக்ஸிசிலின் என்றால் 14 நாள். 10 நாள் என்பது கஞ்சத்தனம் இல்லை. அதற்கு மேல் கொடுத்துப் பார்த்ததில் கூடுதல் பலன் கிடைக்கவில்லை.

படர்தாமரை என்று நினைத்தீர்களே, அதில் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். இணையத்தில் ‘லைம் தடிப்பு’ என்று தேடினால் வரும் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோல்மேல் எடுத்தவை. சிவப்பு, அதற்குள் வெளுப்பு, நடுவில் மறுபடி சிவப்பு என்று வட்டத்துக்குள் வட்டமாகத் தெரியும். நம் நிறத்தில் அது கன்றிப்போன இடம் போலவோ ஊதா கலந்த கருஞ்சிவப்பாகவோதான் தெரியும். வெள்ளைக்காரர்களுக்கே கூட அமெரிக்காவில் அந்த வளைய வடிவம் வருவது குறைவு. முழுக்க ஒரே நிறமாக விரிவதுதான் அதிகம். படர்தாமரை அரிக்கும், ஓரத்தில் செதில் உரியும், மெதுவாகத்தான் பெரிதாகும். லைம் தடிப்பு பெரும்பாலும் அரிக்காது, வலிக்காது, தொட்டால் கொஞ்சம் சூடாக இருக்கும், சில நாட்களிலேயே 5 சென்டிமீட்டரைத் தாண்டும். உண்ணி கடித்து 3 முதல் 30 நாளுக்குள் வரும். பாதிக்கப்பட்டவர்களில் 70 முதல் 80 சதவீதம் பேருக்கு வருகிறது. மீதிப் பேருக்கு வருவதே இல்லை.

சரி, கிருமிக்கு வருவோம். குழுவில் கேட்ட பேச்சுகளில் எது நிற்கும், எது நிற்காது என்று உரசிப் பார்க்க எனக்குத் தெரிந்த உரைகல் இதுதான்.

இதன் பெயர் பொரேலியா பர்க்டார்ஃபெரி. பாக்டீரியா. வைரஸ் இல்லை, பூஞ்சை இல்லை. இருட்டுப் பின்னணியில் பார்க்கும் நுண்ணோக்கியில் இதை முதல்முறை பார்த்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பட்டுப் புடவையிலிருந்து பிரிந்த ஒரு சரிகை இழை சுருண்டு கிடப்பது போல இருந்தது. பிறகு அந்த இழை தன்னைத்தானே திருகிக்கொண்டு கண்ணாடித் தகட்டின் மறு ஓரத்துக்குப் போனது. நீளம் 10 முதல் 30 மைக்ரான்; சிவப்பணு ஒன்றைப் போல இரண்டு மூன்று மடங்கு. பருமனோ கால் மைக்ரான்தான். சாதாரண நுண்ணோக்கியில் கண்ணுக்குச் சிக்காமல் நழுவிவிடும். மற்ற பாக்டீரியாக்களுக்கு வால் வெளியே இருக்கும். இதற்கு வால்கள் வெளித்தோலுக்கு உள்ளே, உடம்பைச் சுற்றி இறுக்கிக் கட்டியது போல இருக்கின்றன. அவை சுழன்றால் உடம்பு முழுவதும் திருகாணி போல முன்னேறும். மற்ற கிருமிகள் மாட்டிக்கொள்ளும் கெட்டியான திசுவில் இது சுலபமாக ஊர்ந்து போகிறது.

உங்கள் கணவர் தொடையில் வட்டம் ஏன் விரிந்தது என்று இப்போது புரியும். கடித்த இடத்திலிருந்து கிருமிகள் தோலுக்குள்ளேயே எல்லாப் பக்கமும் ஊர்ந்து போகின்றன. உடம்பு அவற்றைத் துரத்திக்கொண்டே போகிறது. அந்தத் துரத்தல்தான் நீங்கள் பார்த்த ஓரம். இந்தக் கிருமி சுரக்கும் விஷம் என்று எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. வலி, வீக்கம், காய்ச்சல் எல்லாம் நம் உடம்பு காட்டும் கோபம். பின்னால் அசதியைப் பற்றிப் பேசும்போது இதைத் திரும்பச் சொல்வேன்.

இதற்குச் சொந்தமாகச் சமைக்கத் தெரியாது. 1997ல் இதன் மரபணுத் தொகுதியை முழுசாகப் படித்தார்கள். அமினோ அமிலம், கொழுப்பு அமிலம் எதையும் தயாரிக்கும் மரபணுக்கள் இல்லை. எல்லாவற்றையும் ஓசியில்தான் வாங்கிக்கொள்கிறது. இரும்புச் சத்துகூட வேண்டாம், மாங்கனீஸை வைத்து ஒப்பேற்றிக்கொள்கிறது. எலி, பறவை போன்ற உயிர்களையும் உண்ணியையும் விட்டால் இதற்குப் போக்கிடம் இல்லை. தண்ணீரில், மண்ணில், கைக்குலுக்கலில், இருமலில் பரவாது. வீட்டில் எல்லோருக்கும் தொற்றும், எல்லோரும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று யாராவது எழுதினால் அங்கேயே அந்தப் பக்கத்தை மூடிவிடலாம்.

உண்ணிக்குள் இருக்கும்போது இது ஒரு சட்டை போட்டுக்கொண்டிருக்கும், ஆஸ்ப்-ஏ என்கிற புரதம். உண்ணி நம் தோலைக் கவ்வி வெதுவெதுப்பான ரத்தம் உள்ளே இறங்கியதும் சட்டையை மாற்றி ஆஸ்ப்-சி போட்டுக்கொண்டு, குடலை விட்டுக் கிளம்பி உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து, அப்புறம்தான் நமக்குள் இறங்கும். இத்தனைக்கும் நேரம் பிடிக்கிறது. பொதுவாக 24 மணி நேரத்துக்கு மேல் கவ்விக்கொண்டிருந்தால்தான் தொற்றும். ராத்திரி குளிக்கும்போது பார்த்துப் பிடுங்கிவிட்டால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம் என்று சொல்வது இதனால்தான். இந்தச் சட்டை மாற்றத்தை வைத்தே ஒரு தடுப்பூசி வந்தது. நம் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்புரதத்தை உண்ணி குடிக்க, அதன் வயிற்றுக்குள்ளேயே கிருமி சாகும். எனக்குப் பிடித்த யோசனைகளில் ஒன்று. 1998 டிசம்பரில் அனுமதி கிடைத்து, 2002ல் கடையை விட்டே போய்விட்டது. மூட்டுவலி வருகிறது என்ற பேச்சு பரவியது. அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அதற்குள் விற்பனை படுத்துவிட்டது. தவறான தகவலுக்கு விலை உண்டு என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் அது.

இனி அந்த ராணுவ ஆய்வக வீடியோ. இந்த நோய்க்குப் பெயர் கொடுத்த, கனெக்டிகட்டின் லைம் ஊருக்கு எதிரே, கடலுக்கு அந்தப் பக்கம், பிளம் தீவு என்று ஒன்று இருக்கிறது. அங்கே 1954 முதல் கால்நடை நோய் ஆய்வகம் இருந்தது உண்மை. கதை அங்கிருந்துதான் கிளம்பியது. 2019ல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையிலேயே விசாரணை கேட்டு ஒரு திருத்தம் நிறைவேறியது. கொண்டுவந்தவர் உங்கள் மாநில உறுப்பினர்தான். அதனால் வீடியோ அனுப்பியவரைப் பைத்தியம் என்று சொல்லமாட்டேன். ஆனால் 1940களில் லாங் ஐலண்டில் பிடித்து அருங்காட்சியகத்தில் வைத்திருந்த உண்ணிகளை 1990ல் ஆராய்ந்தபோது, இந்தக் கிருமியின் டி.என்.ஏ. அவற்றில் இருந்தது. மாசசூசெட்ஸில் 1894ல் பிடித்துப் பதப்படுத்திய எலியிலும் இருந்தது. ஆய்வகம் கட்டுவதற்கு 60 வருடம் முன்னால் ஆய்வகத்திலிருந்து தப்ப முடியாது. ஸ்வீடனில் ஆர்விட் அஃப்ஸீலியஸ் என்ற தோல் மருத்துவர் இதே விரியும் தடிப்பை, உண்ணிக் கடிக்குப் பின் வருவதாக, 1909லேயே விவரித்திருக்கிறார்.

கிருமியைக் கண்டுபிடித்த கதை உங்களுக்கு நேரடியாகவே உதவும் என்பதால் கொஞ்சம் சொல்கிறேன். 1960களிலிருந்தே லைம் ஊரில் பாலி மரே என்ற அம்மாவும் அவர் குடும்பமும் மாறி மாறி நோயில் படுத்தார்கள். தடிப்பு, மூட்டு வீக்கம், காய்ச்சல். போன டாக்டர்களெல்லாம் ‘உங்கள் கற்பனை’ என்கிற ரீதியில் பேசி அனுப்பினார்கள். அந்த அம்மா ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து எழுதிக்கொண்டே வந்தார். யாருக்கு, எப்போது, எந்த மூட்டில். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் அதே மாதிரி என்று தெரிந்ததும் 1975ல் மாநிலச் சுகாதாரத் துறையைக் கூப்பிட்டார். யேல் பல்கலைக்கழகத்திலிருந்து ஆலன் ஸ்டீர் என்ற டாக்டர் வந்து வீடு வீடாகக் கணக்கெடுத்தார். 39 குழந்தைகள், 12 பெரியவர்கள். பெரும்பாலும் காட்டோரத் தெருக்கள். கோடையில் ஆரம்பம். உண்ணிமேல் சந்தேகம் போனது, ஆனால் கிருமி மட்டும் கிடைக்கவில்லை.

1981ல் மொன்டானாவின் ஹாமில்டனில் வில்லி பர்க்டார்ஃபர் என்ற உண்ணி ஆய்வாளர் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தார். நியூயார்க்கின் ஷெல்டர் தீவிலிருந்து வந்த உண்ணிகளில், உண்ணி பரப்பும் இன்னொரு நோயான ராக்கி மலைக் காய்ச்சலின் கிருமி இருக்கிறதா என்று பார்க்கிறார். உண்ணியின் காலை நறுக்கி, கசியும் துளியைத் தகட்டில் வைத்துச் சாயமேற்றிப் பார்ப்பது அவர் வழக்கம். ஒன்றிரண்டு உண்ணிகளில் ஏதோ புழு தெரியவே, சரி உள்ளே என்ன இருக்கிறது பார்ப்போம் என்று குடலை அறுத்தார். குடலில் மங்கலாக, ஒழுங்கில்லாமல் சுருண்ட இழைகள். 1982ல் கட்டுரை வெளியானது. 1984ல் கிருமிக்கு அவர் பெயரே வைத்தார்கள்.

பாலி மரே இந்தக் கதையில் ஏன் முக்கியம் என்றால், உங்கள் முகநூல் குழுவில் இருப்பவர்களின் கோபத்துக்கு நியாயம் இருக்கிறது என்று எனக்கு ஞாபகப்படுத்துவதே அவர்தான். டாக்டர்கள் காது கொடுத்துக் கேட்காத நோயாளிகள் உண்மையிலேயே இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ஆனால் அவர் செய்ததைப் பாருங்கள். எழுதி வைத்தார். எண்ணினார். தன் சந்தேகத்தைச் சரிபார்க்கக்கூடியவர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் எதையும் விற்கவில்லை.

குழுவின் வாதங்களுக்கு வருகிறேன். ‘கூடு கட்டி ஒளிந்துகொள்ளும்’ என்பது முழுப் பொய் இல்லை. அதனால்தான் ஆபத்து. சோதனைக் குழாயில் பட்டினி போட்டால் இந்தக் கிருமி உருண்டையாகச் சுருண்டுகொள்வதைப் பார்த்திருக்கிறார்கள். மருந்து ஊற்றிய குழாயில் சில தாக்குப்பிடிப்பதையும் பார்த்திருக்கிறார்கள். கேள்வி அதுவல்ல. மனிதர்களுக்கு நீண்ட நாள் மருந்து கொடுத்தால் அசதியும் வலியும் குறைகிறதா? அதைச் செய்து பார்த்தாயிற்று. 2001ல் அமெரிக்காவில் 129 பேரைப் பிரித்து, ஒரு பாதிக்கு 30 நாள் நரம்பு ஊசியும் அதன்மேல் 60 நாள் மாத்திரையும், மறுபாதிக்கு உள்ளே மருந்தே இல்லாத போலி மருந்தும் கொடுத்தார்கள். வித்தியாசம் இல்லை. 2016ல் நெதர்லாந்தில் 280 பேர். எல்லோருக்கும் 2 வாரம் ஊசி, அதற்குப் பிறகு சிலருக்கு மட்டும் 12 வாரம் மருந்து, மற்றவர்களுக்குப் போலி மருந்து. அங்கேயும் இல்லை. இரண்டு ஆய்விலும் போலி மருந்து வாங்கியவர்களில் நல்ல பங்கு தேறினார்கள் என்பதை நான் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ‘எனக்கு ஒரு வருட ஊசிக்குப் பிறகு சரியானது’ என்று குழுவில் எழுதுகிறவர் பொய் சொல்லவில்லை. ஊசி போடாமலிருந்தாலும் அந்த ஒரு வருடத்தில் அவர் தேறியிருக்கக்கூடும் என்பதுதான் அவருக்குத் தெரிய வழியில்லை.

ஊசி சும்மா இருந்தாலாவது பரவாயில்லை. மாதக்கணக்கில் நரம்பில் குழாய் செருகி வைத்தால் அந்தக் குழாய் வழியாகவே ரத்தத்தில் வேறு கிருமி ஏறும். அப்படிப் போடும் செஃப்ட்ரியாக்ஸோன் என்ற மருந்து பித்தப்பையில் கசடு சேர்க்கும். குடலில் நல்ல பாக்டீரியாக்கள் அழிந்து, சி-டிஃப் என்ற கெட்ட பாக்டீரியா பெருகி வயிற்றுப்போக்கு வந்தால் அது லைமை விட மோசம். இப்படிச் சிகிச்சையால் இறந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவு இருக்கிறது.

‘மருந்து எடுத்ததும் உடம்பு மோசமானால் கிருமி செத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்’ என்றும் அங்கே யாராவது சொல்லியிருப்பார்கள். இதிலும் பாதி உண்மை. மருந்து ஆரம்பித்த முதல் நாளில் சிலருக்குக் குளிர், காய்ச்சல் வந்து ஒரு நாளில் அடங்கும். இதன் தூரத்து உறவான சிஃபிலிஸ் கிருமிக்கு மருந்து கொடுக்கும்போதும் அப்படி நடக்கும். மூன்றாவது மாதத்தில் மோசமானால் அது கிருமி சாவதல்ல, மருந்தின் பக்கவிளைவு அல்லது வேறு நோய்.

ஆயிரம் டாலர் பரிசோதனை விஷயம் என் துறை என்பதால் கொஞ்சம் சூடாகவே சொல்கிறேன். வழக்கமான முறையில் முதல் கட்டம் பாசிட்டிவ் ஆனால்தான் இரண்டாம் கட்டம். ‘வெஸ்டர்ன் பிளாட்’ என்ற பட்டையில் கோடுகளை எண்ணுவோம்; ஒவ்வொரு கோடும் கிருமியின் ஏதோ ஒரு புரதத்துக்கு எதிரான எதிர்ப்புரதம். ஐஜிஜி என்ற எதிர்ப்புரத வகையில் 10 கோட்டில் 5 இருந்தால்தான் பாசிட்டிவ். ஏன் 5? ஒன்றிரண்டு கோடுகள் லைமே வராத ஆரோக்கியமானவர்களுக்கும் விழும். வாயில் வாழும் சாதுவான சுருள் பாக்டீரியாவுக்கு எதிரான புரதம்கூட ஒரு கோட்டைக் காட்டிவிடும். சில தனியார் ஆய்வகங்கள் இந்த 5 என்பதைத் தங்கள் இஷ்டத்துக்குக் குறைத்துக்கொள்கின்றன. வலையின் கண்ணைப் பெரிதாக்கினால் மீன் தப்பும், சிறிதாக்கினால் பாசியும் சேர்ந்து வரும். இவர்கள் பாசியை எடைபோட்டு விற்கிறார்கள். நீங்கள் ஒன்றே ஒன்றைக் குழுவில் கேட்டுப் பாருங்கள்: ‘இந்தப் பரிசோதனை நெகட்டிவ் வந்தால் என் கணவருக்கு லைம் இல்லை என்று ஒப்புக்கொள்வீர்களா?’ பாசிட்டிவ் வந்தாலும் நோய், நெகட்டிவ் வந்தாலும் ‘கிருமி ஒளிந்திருக்கிறது, அதனால் நோய்’ என்று பதில் வந்தால், பிறகு அந்த ஆயிரம் டாலர் எதற்கு?

மாமியார் சொன்னதை விட்டுவிட முடியாது. அவர் தவறாகச் சொல்லவில்லை, வேறொரு நோயைச் சொல்கிறார். தமிழில் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று தேடினால் வருவதெல்லாம் ஸ்க்ரப் டைஃபஸ். தமிழ்நாட்டில் அது நிறையவே உண்டு. அதைக் கடத்துவது புதரில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சியின் குஞ்சு. கிருமியும் வேறு, ஓரியென்ஷியா. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போலக் கறுப்புப் பொருக்கு இருக்கும். கடும் காய்ச்சல் அடிக்கும். அதற்கும் டாக்ஸிசைக்ளின்தான், எலிக்காய்ச்சலுக்கும் அதேதான். மருந்து ஒன்றாக இருப்பதால் நோயும் ஒன்று என்று தோன்றுகிறது, அவ்வளவுதான். நாலு நாளில் சரியாகும் என்று ஊரில் யாரும் அலட்சியமாக விடவும் கூடாது. கவனிக்காவிட்டால் உயிரை எடுக்கும் நோய் அது. இதே குழப்பம் ஆங்கிலத்தில் தேடும்போதும் வரும். ஜெர்மனியிலோ ஸ்வீடனிலோ எழுதிய பக்கம் ஐரோப்பாவின் அஃப்ஸீலி, கரினி என்ற வேறு பொரேலியாக்களைப் பற்றிப் பேசும். அவை தோலையும் நரம்பையும் வேறு மாதிரி பாதிக்கும். நியூ ஜெர்சிக்காரர் அதைப் படித்துவிட்டுத் தன் தோலைச் சந்தேகப்பட வேண்டியதில்லை. எந்தப் பக்கத்தைப் படித்தாலும் நான் முதலில் பார்ப்பது, இது எந்த ஊர்க் கிருமியைப் பற்றி, எந்த வருடம் எழுதியது, பக்கத்தின் கடைசியில் என்ன விற்கிறார்கள் என்பதைத்தான்.

கடைசியாக, அசதி. அது கற்பனை இல்லை. சரியான சிகிச்சை எடுத்த பிறகும் பலருக்குச் சில வாரங்கள், சில மாதங்கள்கூட இருக்கும்; ஒரு சிறு பங்கினருக்கு 6 மாதத்தைத் தாண்டியும் நீளும். கிருமிக்கு விஷம் இல்லை, உடம்பின் கோபம்தான் நோய் என்றேனே. கிருமி செத்தாலும் கோபம் உடனே தணிவதில்லை. லைம் மூட்டுவலிக்காரர்களின் மூட்டு நீரில் செத்த கிருமியின் சுவர்த் துண்டுகள் கிடப்பதை 2019ல் காட்டினார்கள். கழிவுதான், ஆனால் உடம்புக்கு அதைப் பார்த்தாலே ஆத்திரம் வருகிறது. ஆன்டிபயாடிக்கால் சுவர்த் துண்டைக் கொல்ல முடியாது.

ஆனால் எல்லா அசதியையும் லைம்மேல் போட்டுவிடவும் வேண்டாம். உங்கள் குடும்ப டாக்டரிடம் போய் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, பி12 பார்க்கச் சொல்லுங்கள். சைவம் சாப்பிடுகிறவர் என்றால் பி12 கட்டாயம். தூக்கம் எப்படி என்று கேட்கச் சொல்லுங்கள். குழு ‘கூடவே வேறு தொற்று’ என்று சொல்லியிருந்தால் அதில் ஒன்று கவனிக்கத் தக்கது: இதே உண்ணி பபேசியா என்ற, மலேரியாவுக்கு ஒப்பான ஒட்டுண்ணியையும் கடத்தும், நியூ ஜெர்சியில் இருக்கிறது, டாக்ஸிசைக்ளினுக்கு அது மசியாது. விட்டு விட்டுக் காய்ச்சலோ ராத்திரி வியர்த்துக் கொட்டுவதோ இருந்தால் ஒரு ரத்தத் தகட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். பாலி மரேயைப் போல ஒரு நோட்டும் வையுங்கள். தினமும் ஒரே ஒரு வரி: எவ்வளவு நேரம் நடந்தார், எவ்வளவு நேரம் தூங்கினார், எந்த மூட்டு வலித்தது. இரண்டு மாதக் குறிப்போடு போனால் எந்த டாக்டரும் உட்கார்ந்து படிப்பார்.

முகம் ஒரு பக்கமாகக் கோணினாலோ, மயக்கம் வந்தாலோ, நெஞ்சு தாறுமாறாக அடித்தாலோ, முழங்கால் பலூன் மாதிரி வீங்கினாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ நோட்டையெல்லாம் தேட வேண்டாம், அன்றே போங்கள். இதயத்தின் மின்னோட்டத்தை லைம் தடுக்கக்கூடும்.

தோட்டத்தை மூட வேண்டாம். மே முதல் ஜூலை வரை நடமாடுவது குட்டி உண்ணி. கசகசா அளவு. வளர்ந்தது எள் அளவு. எங்கள் ஆய்வகத்துக்கு ஒருவர் ஊறுகாய் பாட்டிலில் பெரிய உண்ணி ஒன்றைப் போட்டு, பதறிப்போய்க் கொண்டுவந்தார். முதுகில் வெள்ளைக் கோலம் போட்டது போல இருந்தது. நாய் உண்ணி, லைமைக் கடத்தாது. பயமுறுத்துவது பெரியது, கடத்துவது சிறியது. மானை விரட்டினால் சரியாகும் என்றும் நினைக்காதீர்கள்; மான் உண்ணிக்குச் சோறு போடுகிறது, கிருமியைக் குட்டி உண்ணிக்குக் கொடுப்பது வெள்ளைக்கால் எலி.

காடும் புல்தரையும் சேரும் இடத்தில் 3 அடி அகலத்துக்கு மரச் சீவல் பரப்புங்கள். உண்ணி காய்ந்த இடத்தைத் தாண்டத் தயங்கும். உதிர்ந்த இலைகளை வாரிப் போடுங்கள். உங்கள் கணவர் லுங்கி கட்டிக்கொண்டு கத்தரிச் செடிக்குள் இறங்குகிறவர் என்று ஊகிக்கிறேன். அது மட்டும் வேண்டாம். பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகட்டும். துணிக்குப் பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து தெளிக்கலாம், வீட்டில் பூனை இருந்தால் ஈரம் காயும் வரை பக்கத்தில் விடாதீர்கள். உள்ளே வந்ததும் துணியைத் துவைப்பதற்கு முன்னால் டிரையரில் அதிகச் சூட்டில் 10 நிமிடம் போடுங்கள். குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதுக்குப் பின்னால் விரலால் தடவிப் பாருங்கள், கண்ணை நம்ப வேண்டாம். ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய், வாசலின், தீக்குச்சி எதுவும் வேண்டாம். முனை மெலிந்த இடுக்கியால் தோலுக்கு ஒட்டினாற்போல் பிடித்து நேராக மேலே இழுங்கள். டேப்பில் ஒட்டி மேலே தேதியை எழுதுங்கள். ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தது என்று தோன்றினால் பிடுங்கிய 72 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் காட்டுங்கள்; தேவை என்று பட்டால் ஒரே ஒரு வேளை, 200 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளின் கொடுப்பார்கள். நிறையத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு உடனே படுக்காமல் இருக்கட்டும், அந்த மாத்திரை தொண்டைக்குழியில் ஒட்டினால் புண்ணாக்கிவிடும்.